சாரதிக்குப் பின்னால் இருந்த இருக்கை

வேலைக்குப் போகிற எங்கள் வான் வண்டியில் புதிதாக ஏறுகிறவர்களுக்கு, அதை ஓட்டுகிற அண்ணை முதலில் கொடுப்பது ஒரு பழைய ரெலிபோன் கார்ட். பேசி முடித்த, இனி ஒன்றுக்கும் உதவாத கார்ட். "வச்சிருங்க, தேவைப்படும்" என்பார். எதற்கு என்று கேட்டால் சிரிப்பார். தூண் என்ற ஊரின் ஏரிக்கரைக்கு வரும்போது அது தானாக விளங்கிவிடும். ஏழு பேர் விடுகிற மூச்சு யன்னல் கண்ணாடியின் உள்பக்கத்தில் படிந்து, படிந்த கையோடு உறைந்துபோகும். அதை ஆளாளுக்குத் தங்கள் பக்கத்தில் சுரண்ட வேண்டும். சுரண்டிய பனி மடியில்தான் விழும். வேலைக்குப் போய் இறங்கும்போது என் காற்சட்டை முழங்கால்வரை ஈரமாக இருக்கும்.

அப்படி அவரிடம் கார்ட் குவிந்து கிடந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அதை எங்களில் ஒருவரும் அவரிடம் நேராகக் கேட்டதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் இரண்டு குளிர்காலம் நான் அந்த வானில், சுவிஸில் பேர்ணுக்குப் பக்கத்து ஓஸ்டர்முண்டிகனில் இருந்து இன்டர்லாக்கனுக்குப் போய்வந்தேன். அங்கே ஒரு பெரிய ஹோட்டலில் எனக்கு அறை துப்புரவு வேலை, அவருக்கு அடுக்களையில் சட்டி கழுவுகிற வேலை. விடிய ஆறு மணிக்கு நிற்க வேண்டும். முதல் ரயிலைப் பிடித்தாலும் பிந்திவிடும். அதனால் அவர் வான் வாங்கினார், நாங்கள் ஆறு பேர் ஏறிக்கொண்டோம். அவருக்கு நாற்பது வயது இருக்கும். மட்டக்களப்புப் பக்கம். மற்ற எல்லோரும் யாழ்ப்பாணம். அவரைவிட மூத்த ராணி அக்கா உட்பட எல்லோரும் அவரை அண்ணை என்றுதான் கூப்பிட்டோம். பெயர் தெரியும், எழுதப் போவதில்லை. எங்காவது இருந்து இதை வாசித்தால் வெட்கப்படுவார்.

வான் அதற்கு முன்னர் ஏதோ ஒரு கிராமத்து வாத்தியக் குழுவுக்குச் சொந்தமாக இருந்ததாம். பக்கக் கதவில் பெரிய ஊதுகுழல் படம். எழுத்துகளைச் சுரண்டி எடுத்தவர்கள் குழலைப் பாதியில் விட்டுவிட்டார்கள். எங்கள் தெருவிலிருந்த தமிழ்ப் பிள்ளைகள் அதைப் பீப்பீ வான் என்றார்கள். அதில் சூடே வராது என்று சொன்னால் பாவம். வரும். ஓஸ்டர்முண்டிகனில் புறப்பட்டு, தூண் தாண்டி, ஏரியோடு வளைந்து வளைந்து போய், ஹோட்டலின் பின்வாசலில் நிறுத்துகிற நேரம் பார்த்து காலடியில் இளஞ்சூடாக ஒரு காற்று வரும். "இந்தா, வந்திட்டு" என்பார் அவர் சந்தோஷமாக. நாங்கள் இறங்குவோம்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். குளிரென்றால் இன்னும் நீளும். "எங்கை அண்ணை உங்கட சூடு? அவசரமா எங்கையும் போட்டுதோ?" என்று ஒவ்வொரு நாளும் கேட்பேன். அவர் ஒவ்வொரு நாளும் ஒரே மறுமொழிதான் சொல்வார்.

"சூடு எங்கயும் போகல்ல தங்கச்சி. வழியிலதான் நிக்கிது."

அந்த மனிதருக்கு ஓர் இடுக்கைக் கண்டால் கை சும்மா இராது. வானில் காற்று நுழைகிற இடம் எது என்று தேடித் தேடி அடைப்பதே அவருடைய ஓய்வு நாள் வேலை. கதவு இடுக்குக்கு சைக்கிள் ரியூப். கியர் தண்டு தரைக்குள் போகிற இடத்துக்கு பழைய காலுறை. ரேடியோவைக் கழற்றிய ஓட்டைக்கு மடித்த கல்யாண அழைப்பிதழ்கள், அதுவும் தடித்த அட்டையாகப் பார்த்து. தமிழ்க் கடைக்கு மீன் வருகிற, நுரை மாதிரி லேசான வெள்ளை ரெஜிபோம் பெட்டிகளை வாங்கி வந்து, வெட்டி, தகரச் சுவருக்குள் செருகினார். ஒரு கிழமை வானுக்குள் சூடு வரவில்லை, பாரைமீன் மணம் வந்தது. எங்கள் மேற்பார்வைக்காரி என் பக்கம் மூக்கைச் சுளித்துக்கொண்டு நின்றாள். அன்று நான் அண்ணையோடு கதைக்கவில்லை. அவர் பெட்டிகளை வெளியே எடுத்து, சவர்க்காரம் போட்டுக் கழுவி, காயவைத்து, திரும்பவும் உள்ளேதான் செருகினார்.

ஹோட்டலின் மூன்றாம் மாடியில் கம்பளம் மாற்றியபோது பழையதை அவர் கேட்டு வாங்கினார். சிவப்புக் கம்பளம், மஞ்சள் பூ. மாதக்கணக்காக நான் குனிந்து நிமிர்ந்து தூசி எடுத்த கம்பளம் அது. இப்போது வானின் தரையிலும் சுவரிலும் கூரையிலும் ஏறிவிட்டது. வேலை முடிந்து வீட்டுக்குப் போகும்போதும் அந்த மூன்றாம் மாடி என்னோடு வந்தது. சாரதியின் பக்கத்தில் இருக்கிற சூடு பின்னால் சிதறிப் போகாமல் ஒரு திரையும் தொங்கவிட்டார். பிறகு பின்னால் இருந்த நாங்கள் சத்தம் போட்டதால் திரையைக் கழற்றி எங்களுக்குப் பின்னால் மாட்டினார்.

ஒரு காலை பொலிஸ் மறித்தது. பக்கக் கதவைத் தள்ளித் திறந்த இளம் பொலிஸ்காரன் கம்பளத்தையும் திரையையும் போர்வைக்குள் இருந்த ஆறு முகத்தையும் பார்த்துத் திகைத்துப்போனான். இதற்குள் யாராவது குடியிருக்கிறீர்களா என்று கேட்டான். எங்களில் டொச், அதாவது ஜெர்மன், கொஞ்சம் ஒழுங்காகத் தெரிந்தவள் நான்தான். இல்லை, வேலைக்குப் போகிறோம், குளிருக்காக இப்படி என்று சொன்னேன். அவன் கையுறையைக் கழற்றி, சூடு வருகிற துவாரத்தில் கையைப் பிடித்துப் பார்த்தான். பிறகு எங்களை ஒரு மாதிரிப் பார்த்தான். கவனமாகப் போங்கள் என்று விட்டுவிட்டான். நாங்கள் எல்லோரும் நடுங்கிக்கொண்டு இருக்க, அண்ணைக்கு வேறு கவலை.

"கதவைத் திறந்து வச்சிக்கிட்டு அவ்வளவு நேரம் கதைக்கணுமா? உள்ளுக்க இருந்ததெல்லாம் போயிட்டு."

வேலை முடிந்து திரும்புகிற நேரம் அவரிடமிருந்து ஆளுக்கொரு போத்தல் கிடைக்கும். சோடாப் போத்தலில் சுடுதண்ணீர், அடுக்களைத் துவாயில் சுற்றி. சட்டி கழுவுகிற இடத்தில் சுடுதண்ணீருக்குப் பஞ்சமில்லை. மடியில் வைத்துக்கொண்டால் வழியில் உள்ள ஸ்பீட்ஸ் ஊர்வரைக்கும் தாங்கும். எனக்குத் தருகிறது எப்போதும் மற்றவர்களுடையதைவிடச் சூடாக இருக்கும். வாய் நீளமானவளை அடக்க அவர் கண்டுபிடித்த வழி என்று ராணி அக்கா சிரிப்பார். எனக்குத் தெரியும், அப்படி இல்லை. நான் உண்மையிலேயே குளிர் தாங்க மாட்டேன் என்று அவர் கவனித்திருந்தார்.

இரண்டாவது குளிர்காலம் தொடங்கும்போது பழைய கார்கள் உடைக்கிற இடத்தில் ஒரு சின்னச் சூட்டுப் பெட்டி எடுத்து வந்தார். அதைச் சாரதிக்கு நேர் பின்னால் இருந்த இருக்கையின் கீழே பூட்டி, எஞ்சினில் இருந்து இரண்டு ரப்பர் குழாய் இழுத்தார். வானில் எங்காவது சூடு வருமென்றால் முதலில் அங்கேதான் வரும். அந்த இருக்கையில் ஒரு வெள்ளைச் செம்மறித் தோலை விரித்தார். அதற்கு மேல் தடித்த மெத்தை ஒன்று வைத்தார். அதில் ஒருவரையும் இருக்க விடவில்லை. பை வைக்கவும் விடவில்லை.

கார்த்திகை மாதம் ஒருநாள் மழையில் நனைந்து வந்த நான், எல்லோருக்கும் முன்னால் ஏறி அதில் இருந்துவிட்டேன்.

"தங்கச்சி, அது ஆள் வாற இடம்."

"ஏன், நான் ஆளில்லையோ?"

அவர் கோபிக்கவில்லை. பக்கக் கதவைப் பிடித்துக்கொண்டு வெளியில் நின்றார். மழைக் காற்று உள்ளே அடித்தது. அவர் ஒரு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு அவ்வளவு நேரம் நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன். எழும்பி என் பழைய இடத்துக்குப் போனேன். ஆத்திரத்தில் அன்று கண்ணாடியைக்கூடச் சுரண்டவில்லை.

ராணி அக்காதான் பிறகு காதுக்குள் சொன்னார். அவருடைய மனைவியும் ஆறு வயது மகளும் வருகிறார்கள். அவருடைய அகதிக் கேஸ் இன்னும் முடியவில்லை, அதனால் முறைப்படி கூப்பிட உரிமையில்லை. ஆட்களை எல்லை தாண்டிக் கூட்டிவருகிற ஏஜென்ட் ஒருவன் மொஸ்கோவரைக்கும் கொண்டுவந்து, அங்கே விட்டு வைத்திருக்கிறான். நாளைக்கு, அடுத்த கிழமைக்கு என்று சொல்லியே ஒரு வருடம் போய்விட்டது. மொஸ்கோவுக்கு வெளியே ஏதோ ஒரு கட்டடத்தில் ஓர் அறை, கூட இன்னும் இரண்டு பெண்கள். கட்டடத்துச் சூட்டுக் குழாய் உடைந்து கிடக்கிறது. அறை மூலையில் ஒரு காஸ் அடுப்பு. சமைத்து முடிந்தாலும் அதை நிற்பாட்டாமல் எரியவிட்டுச் சுற்றி இருக்கிறார்கள். மகள் போனில் சொல்வது ஒன்றே ஒன்றுதானாம்: "அப்பா, குளிருது."

அதற்குப் பிறகு அந்தக் கம்பளமும் ரெஜிபோமும் சைக்கிள் ரியூப்பும் எனக்கு வேறு மாதிரித் தெரிந்தன. அவர் எங்களுக்காக வானை அடைக்கவில்லை. எந்த எல்லையில், எந்த மாதத்தில் போன் வந்தாலும் ஓடிப்போய் ஏற்றிக்கொண்டு வருகிற அந்த ஒரு பயணத்துக்காக அடைத்தார். அந்த அறையை அவரால் ஒன்றும் செய்ய முடியாது. வான் கைக்கெட்டின தூரத்தில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஏஜென்ட் வீட்டுக்கு மனைவியையும் மகளையும் கூட்டிவந்து போனுக்குப் பக்கத்தில் இருத்துவார்கள். நாங்கள் வேலையால் திரும்பி வந்ததும் ஓஸ்டர்முண்டிகன் ஸ்டேசனடியில் வானை நிறுத்திவிட்டு அவர் ரெலிபோன் கூண்டுக்குள் போவார். கார்ட் முடிகிறவரைக்கும் நாங்கள் வானுக்குள் இருப்போம். யாரும் முணுமுணுத்ததில்லை, நான்கூட.

ஜனவரியில் ஒரு ஞாயிறு, பேச்சின் நடுவில் அவர் கூண்டைத் திறந்துகொண்டு வானுக்கு ஓடி வந்தார். ரிசீவர் அங்கே தொங்கிக்கொண்டிருந்தது.

"தங்கச்சி, யன்னலெல்லாம் இடுக்காம். படுக்கைக்குப் பக்கத்தால காத்து வருதாம். அங்க ஒட்டுற டேப்பும் இல்ல, ஒண்டும் இல்ல. என்னத்தால அடைக்கச் சொல்ல?"

நான் யோசிக்கவே இல்லை. நாங்கள் வந்த புதிதில் இருந்த பழைய வீட்டில் நானே செய்த வேலை அது.

"கோதுமை மாவைக் கூழாக் காய்ச்சிப் பேப்பரில பூசி ஒட்டச் சொல்லுங்கோ அண்ணை. ரெண்டு மூண்டு மடிப்பா. காஞ்சா இறுகிடும், ஊசி நுழையாது. கதவுக்குக் கீழ துணியை அடைக்கச் சொல்லுங்கோ."

அவர் திரும்பி ஓடினார். கூண்டுக் கண்ணாடிக்குள் அவர் கையை ஆட்டி ஆட்டி விளக்குவது தெரிந்தது. பூசுவது, மடிப்பது, ஒட்டுவது. வெளியே வந்தபோது முகம் மலர்ந்திருந்தது. ஒரு வருடத்தில் முதல் தடவையாக அந்த அறைக்கு அவர் ஏதோ செய்திருக்கிறார். எனக்கும் பெருமையாக இருந்தது, மறைக்க மாட்டேன். அந்த உற்சாகத்தோடு வீட்டுக்குப் போனவர், மிஞ்சியிருந்த பகல் வெளிச்சத்தில் வானில் விட்டுப்போன கடைசி ஓட்டையையும் அடைத்திருக்கிறார். முன் கண்ணாடிக்குக் கீழே, வெளிப்பக்கம், ஒரு சல்லடை உண்டு. அதற்குள்ளால் குளிர்காற்று உள்ளே போகிறது என்று கண்டுபிடித்து, அதற்குள் துணியைத் திணித்துவிட்டார்.

அடுத்த நாள் ஸ்பீட்ஸ் கிட்ட வரும்போது முன் கண்ணாடி உள்பக்கத்தால் வெள்ளையாகிவிட்டது. ஒரு கையால் ஸ்ரியரிங், மற்றக் கையால் கார்ட். சுரண்டச் சுரண்ட உறைந்தது. கடைசியில் பக்கக் கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டிக்கொண்டு ஓட்டினார். எதிரே ஒரு லொறி வெளிச்சத்தை அடித்துக்கொண்டு போனது.

"அண்ணை, நிப்பாட்டுங்கோ!" என்று கத்தினேன். "உங்கட மனிசி வந்து சேருறதுக்கிடையில எங்களை மேல அனுப்பிப் போடாதேங்கோ!"

அவர் ஓரத்தில் நிறுத்தினார். புருவத்தில் பனி. அந்த வார்த்தையை இன்றைக்கு நினைத்தாலும் என் நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போல இருக்கும்.

செவ்வாய் எங்கள் இருவருக்கும் ஓய்வு நாள். ஓஸ்டர்முண்டிகனுக்குப் பின்னால் ஒரு கிராமத்தில் உழவு இயந்திரம் திருத்துகிற கிழவர் ஒருவர் இருந்தார். வானை அங்கே கொண்டுபோனோம், மொழிபெயர்க்க நான். கிழவர் பேர்ண் வட்டார டொச்தான் பேசினார். பாதி விளங்கியது, மீதியைக் கையால் காட்டினார். வானை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கம்பளத்தைத் தட்டிப் பார்த்து, நல்ல வேலை என்றார். அண்ணைக்கு வாயெல்லாம் பல். பிறகு கிழவர் முன் சல்லடைக்குள் இரண்டு விரலை விட்டார். நீலக் கட்டம் போட்ட துணியின் நுனி வந்தது. இழுத்தார். வந்துகொண்டே இருந்தது. அண்ணை வீட்டில் இடுப்பில் கட்டுகிற ஒரு முழுச் சாரம்.

இது என்ன என்று கேட்டார். உடுப்பு என்றேன். அவர் அதை மடித்து அண்ணையின் கையில் மரியாதையாகக் கொடுத்தார்.

பிறகு ஒரு சிகரெட்டைப் பற்றவைத்து வானுக்குள் ஏறி, எல்லாக் கதவையும் சாத்தி, சூட்டு விசிறியைப் போட்டார். துவாரத்துக்கு முன்னால் சிகரெட்டைப் பிடித்தார். புகை அப்படியே நின்றது. பின் கண்ணாடியை ஒரு விரல் அளவு திறந்தார். புகை மெல்ல வளைந்து பின்னால் போகத் தொடங்கியது. நான் தமிழில் சொன்னேன்: "வெளியில இருந்து காத்து வந்தாத்தானாம் அது சூடாகும். உள்ள நிக்கிற காத்து வெளியில போக வழி விட்டாத்தானாம் சூட்டுக் காத்து உள்ள வரும். நீங்கள் ரெண்டு பக்கத்தையும் அடைச்சுப்போட்டீங்களாம்." எஞ்சினில் ஒரு சின்னச் சாமான் திறந்தபடி இறுகிப்போய், தண்ணீரைச் சூடேற விடாமல் வைத்திருக்கிறது, அதையும் மாற்ற வேண்டும் என்றார். அண்ணை எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். படிக்கிற பிள்ளை மாதிரி அந்தக் கண்ணாடியை ஒரு விரல் திறந்தும் மூடியும் பார்த்தார்.

கிழவர் சிகரெட்டை அணைத்துவிட்டு இன்னொன்று சொன்னார். புகைக் குழாயில் ஓர் ஓட்டை விழுந்தால், இப்படி அடைத்த வானில் ஏழு பேரும் போய்விடுவீர்கள். மணம்கூட வராது. தன் மனைவியின் தம்பியும் சிநேகிதனும் மலையில் ஒரு குடிலில் குளிருக்கு எல்லா இடுக்கையும் அடைத்துவிட்டு, காஸ் அடுப்பை எரியவிட்டு...

என் வாய் நின்றுவிட்டது. கிழவர் சொல்லிக்கொண்டே போனார். எனக்கு அதற்குப் பிறகு ஒரு சொல்லும் கேட்கவில்லை.

"என்னவாம்?" என்றார் அண்ணை.

"ஒண்டுமில்லை. அந்தச் சாமான் நாளைக்குத்தான் வருமாம்."

"காஸ் எண்டு சொன்னார்."

"ஓம், அது... வேற கதை."

கிழவருக்கு எங்கள் பேச்சு விளங்கவில்லை. நான் சொல்லத் தெரியாமல் தடுமாறுகிறேன் என்று நினைத்தார் போல. எனக்கு உதவி செய்வதற்காக இரண்டு கையையும் சேர்த்துக் கன்னத்தில் வைத்து, தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக் காட்டினார்.

அண்ணை அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். சாரம் அவர் கையில் மடித்தபடி இருந்தது. பிறகு என்னிடம் கேட்டார்.

"மாக் கூழ் காஞ்சா நல்லா இறுகிடும் எண்டு சொன்னீங்க, என்ன?"

"ஓம் அண்ணை" என்றேன்.

அவர் வானை விட்டுவிட்டு ரெலிபோன் கூண்டைத் தேடி நடக்கத் தொடங்கினார். நான் பின்னால் ஓடினேன். ஏஜென்ட் வீட்டு நம்பர் அடித்துக்கொண்டே இருந்தது. புதுக் கார்ட் வாங்கினார். பிறகு இன்னொன்று. ஒரு தரம் யாரோ எடுத்து ரஷ்ய மொழியில் கத்தினார்கள். இவரும் கத்தினார். "யன்னல்! விண்டோ! ஃபென்ஸ்டர்! திறக்கச் சொல்லுங்க!" அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அந்த நம்பரை ஒருவரும் எடுக்கவில்லை. அந்தக் கட்டடத்தின் விலாசம் எங்களிடம் இல்லை. அது எந்தத் தெருவில் என்று அவளுக்கே தெரியாது. யாருக்கு அடிப்பது, யாரை அனுப்புவது? பொலிஸுக்குச் சொன்னால் பிடித்து அனுப்பிவிடுவார்கள். சொல்லலாம் என்றாலும் எந்தப் பொலிஸுக்கு?

அந்தக் கிழமைதான் வானில் முதன்முதலாக ஒழுங்காகச் சூடு வந்தது. கிழவர் சாமானை மாற்றிக் கொடுத்த அடுத்த நாள், மூன்சிங்கன் ஊரைத் தாண்டுவதற்கு முன்னமே காலுக்குச் சுட்டது. கண்ணாடியில் சுரண்ட ஒன்றுமில்லை. கார்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு எங்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அண்ணை அதைக் கவனித்த மாதிரியே இல்லை. தன் பக்கக் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டினார். பின் கண்ணாடிகளையும் திறந்துவிட்டார். ஏரிக் காற்று ஊசியாக வந்தது. சூடு வந்த வானில் நாங்கள் முன்னையைவிடக் கூடுதலாகக் குளிர்ந்தோம்.

"அண்ணை, ஒட்டச் சொல்லி நான்தானே சொன்னனான்" என்றேன் ஒருநாள், பின்வாசலில் இறங்கும்போது. அதைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை.

"நீங்க நல்லதுக்குத்தானே சொன்ன" என்றார். கொஞ்சம் நின்று, "நானும்தான்" என்றார்.

ஞாயிறு வந்தது. அவர் கூண்டுக்குள் போனார். கார்ட்டில் ஒரு சதமும் குறையவில்லை, அந்தப் பக்கம் எடுத்தால்தானே குறையும். முக்கால் மணித்தியாலம் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார். கூண்டுக் கதவை ஒரு காலால் திறந்து பிடித்திருந்தார். ராணி அக்கா பிள்ளையாருக்கு நேர்ந்தார். எனக்கு நேரவும் வாய் வரவில்லை.

அடுத்த புதன், வேலையால் வந்து உடுப்பு மாற்றிக்கொண்டு நிற்கிறேன், எங்கள் வீட்டுப் போன் அடித்தது. ஏதும் அவசரமென்றால் என்று அவர் அந்த நம்பரை எப்போதோ அவளுக்குக் கொடுத்திருந்தார்.

"அக்கா, நான் வான் வச்சிரிக்கிறவர்ர பொஞ்சாதி. கொழும்பால கதைக்கிறன்."

நான் முதலில் பிள்ளையைத்தான் கேட்டேன்.

"பிள்ளை?"

"இந்தா, பக்கத்தில நிக்கிறா. எங்களப் பிடிச்சுத் திருப்பி அனுப்பிட்டாங்க அக்கா. நேத்துத்தான் வந்து இறங்கின."

திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

"யன்னலுக்குப் பேப்பர் ஒட்டினனீங்களோ?"

"ஒட்டின அக்கா, அவர் சொன்ன மாதிரியே. நல்ல இறுக்கமா ஒட்டின. இவள் விட்டாத்தானே? ஸ்னோ பாக்கணும் எண்டு ஒரு மூலையப் பிச்சிப் போட்டிருவாள். நான் ஒட்டுறது, அவள் பிக்கிறது. ஒவ்வொரு நாளும் இதே வேலை. அதுக்கு என்னட்ட அடியும் வாங்கினவள்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அடிச்ச எண்டு அவர்ட்ட சொல்லிராதீங்க அக்கா."

நான் கோட்டுப் போடாமல் இரண்டு தெரு ஓடினேன். ஓடிப்போய் மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன், அடித்ததையும் சேர்த்து. ஒரு மணித்தியாலத்தில் அவள் திரும்ப எடுத்தாள். அண்ணை எங்கள் வாசலில் சப்பாத்து வைக்கிற பலகையில் இருந்தபடி பேசினார். பெரும்பாலும் ஓம் என்றும் ம் என்றும்தான். நடுவில் ஒரு தரம் குரல் உடைந்தது.

"பிள்ளைய அடியாத. இனி ஒருநாளும் அதுக்கு அடியாத."

வெகு நேரம் கேட்டுக்கொண்டு இருந்துவிட்டு, கடைசியில், "அங்க வெக்கையோ?" என்றார். அந்தப் பக்கத்து மறுமொழிக்கு மெல்லச் சிரித்தார்.

போனை வைத்த பிறகும் எழும்பவில்லை. என் அடுக்களை யன்னல் கொஞ்சம் திறந்திருந்தது. வேறு நாளென்றால் எழும்பிப் போய்ச் சாத்தியிருப்பார். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இனி என்ன அண்ணை செய்யப்போறீங்கள்?"

"லொட்ஜில நிக்கிறாங்க. பொலிஸ்ல பதியணுமாம். ஊருக்குப் போகலாமெண்டா சண்டையால பாதை பூட்டாம்." பிறகு, "திரும்ப ஒருக்கா வெளிக்கிடுங்க எண்டு என்னால சொல்ல ஏலாது தங்கச்சி" என்றார்.

பிறகு அவர்கள் சேர்ந்தார்களா என்று இந்தக் கதையைக் கேட்கிறவர்கள் என்னிடம் கேட்பார்கள். எனக்குத் தெரியாது. அந்தக் கோடையில் எனக்குப் பேர்ணில் ஆஸ்பத்திரித் துப்புரவு வேலை கிடைத்து, பஸ்ஸில் போகத் தொடங்கிவிட்டேன். அவர் கனடாவுக்குப் போனார் என்று ஒரு பேச்சு, கேஸ் தள்ளுபடியாகி அனுப்பப்பட்டார் என்று இன்னொரு பேச்சு. தேடிப் பார்த்திருக்கலாம். தேடவில்லை. இரண்டாவது பேச்சு உண்மையாக இருந்துவிடுமோ என்ற பயம்.

எனக்குத் தெரிந்தது அந்தப் போன் வந்ததற்கு அடுத்த நாள், வியாழக்கிழமை விடியற்காலை மட்டும்தான். வழக்கமான இடத்தில் வான் நின்றது. அவர் பக்கக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். நான் ஏறி என் இடத்துக்குப் போகத் திரும்பினேன்.

"தங்கச்சி, இதில இருங்க."

சாரதிக்குப் பின்னால் இருந்த இருக்கை. பிள்ளைக்கு உயரமாக இருக்கட்டும் என்று மேலே வைத்திருந்த தடித்த மெத்தையை எடுத்துவிட்டிருந்தார். வெள்ளைத் தோல் மட்டும் இருந்தது.

"வேண்டாம் அண்ணை. அது..."

"இதிலதான் சூடு கூட. உங்களுக்குத்தானே எப்பவும் குளிர்."

மற்றவர்கள் எல்லோரும் வேறெங்கோ பார்த்தார்கள். நான் இருந்தேன். அவர் கதவைச் சாத்தினார். பின் கண்ணாடியை ஒரு விரல் மட்டும் திறந்துவிட்டு, மற்றதையெல்லாம் ஒழுங்காக மூடினார், கிழவர் காட்டிக் கொடுத்த மாதிரியே. மூன்சிங்கன் வருமுன்னரே இருக்கைக்குக் கீழிருந்து சூடு காலில் ஏறியது, பிறகு முதுகில். பின்னால் ஒவ்வொருவராகக் கோட்டைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. இரண்டு குளிர்காலத்தில் அந்த வானில் யாரும் கோட்டுக் கழற்றியதில்லை.

தூண் ஏரி தெரியும்போது அவர் வீதியைப் பார்த்தபடியே சொன்னார்.

"பிள்ளைக்கு வேர்க்குதாம். ராவில நித்திரையே இல்லியாம்."

நான் கோட்டைக் கழற்றவில்லை. இன்டர்லாக்கன் வரும்வரைக்கும் அந்த இருக்கையில் வேர்த்துக்கொண்டே இருந்தேன்.